மாத்திரை டப்பாவில் என்ன இருக்கிறது? மூத்தோர் மருந்துகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளும் மருமகள்களும்தான். மாத்திரை போடுகிறவர் கேட்பது குறைவு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். மருந்தில் எந்த மாற்றமும் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான். அவரிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கே இந்தப் பக்கம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சுகருக்கும் பிரஷருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. போன மாதம் தனியாரில் இருதய மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஐந்து மாத்திரை எழுதினார். அம்மா இரண்டையும் சேர்த்தே போடுகிறார். இப்போது படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். – வாசகி, விருதுநகர்

பதில்: ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அரசு அட்டையில் ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர்தான் கண்ணில் படும். கூட்டு மாத்திரையாக இருந்தால் ‘டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5’ என்பது பொடி எழுத்தில் இருக்கும். இரண்டையும் போட்டால் அம்லோடிபின் 10 ஆகிவிடும். சுகரிலும் இதே கதை: அரசு தரும் மெட்ஃபார்மின் 500 ஒரு பக்கம், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை இன்னொரு பக்கம்.

எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி, பிராண்டு பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒற்றை மருந்து மாத்திரைகளில் மருந்தின் பெயரை பிராண்டு பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது 2018 முதல் விதி. கூட்டு மாத்திரைக்குத்தான் கண்ணாடி தேவைப்படும். எழுதிய பிறகு பெயர்களின் வாலைப் பாருங்கள். ‘சார்டன்’ என்று முடிபவை (லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன்) ஒரு குடும்பம். ‘ப்ரில்’ என்று முடிபவை (எனலாப்ரில், ராமிப்ரில்) அதற்கு நெருங்கிய உறவு. இவை இரண்டும் பொதுவாகச் சேரக்கூடாது. ‘டிபின்’ ஒரு குடும்பம், அடினலால், மெட்டோப்ரலால் போல ‘லால்’ ஒரு குடும்பம், கொழுப்புக்கான ‘ஸ்டாட்டின்’ ஒரு குடும்பம். ஒரே வாலுடன் இரண்டு பெயர் வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எது நிற்க வேண்டும் என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பழையதை மாற்றத்தான் புதியதை எழுதினாரா என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கண் இருட்டுவதற்கு: அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த மூன்று அளவுகளையும் குறித்துக்கொண்டு போங்கள். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மருந்து, அளவு, வேளை, எதற்காக, எழுதியவர் யார், எப்போதிருந்து என்று ஆறு கட்டம் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கண் சொட்டு, இன்ஹேலர், வாரம் ஒருமுறை மாத்திரை, வலித்தால் மட்டும் போடுவது, லேகியம், எல்லாம் அதில் வர வேண்டும். பலரும் கண் சொட்டை மருந்தாகவே நினைப்பதில்லை. கண் அழுத்தத்துக்கான டிமலால் சொட்டும் ‘லால்’ குடும்பம்தான். மூக்கு வழியாக ரத்தத்தில் சேர்ந்து நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். சொட்டு விட்டதும் மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது குறையும். ‘எதற்காக’ என்ற கட்டம் காலியாக நிற்கும் மருந்துதான் அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது.

கேள்வி: அப்பாவுக்கு 79. பிரஷர் மாத்திரையில் ஆரம்பித்தது. கால் வீங்கியது என்று நீர் மாத்திரை வந்தது. பிறகு இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல். தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை, ஒரு வருடமாக ஓடுகிறது. இப்போது கை நடுங்குகிறது, நடை தேய்கிறது. நரம்பு மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

பதில்: போகலாம். போவதற்கு முன் ஒரு வேலை: எந்த மாத்திரை எந்த மாதம் வந்தது, எந்தத் தொந்தரவு எந்த மாதம் தொடங்கியது என்று பழைய சீட்டுகளைப் பார்த்து ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து அதற்கு அடுத்த மாத்திரை எழுதுவது முதியோரிடம் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு சீட்டும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். வரிசையாக வைத்தால்தான் கோளாறு தெரியும்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் மாத்திரை அம்லோடிபினா என்று பாருங்கள். அது சிறு தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கணுக்காலில் கசியும். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம். சாயங்காலம் கூடும், இரவு படுத்து எழுந்தால் குறையும். உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்த வீக்கம் அல்ல என்பதால் நீர் மாத்திரை இதற்குச் சரியாக வேலை செய்யாது. ஆனால் ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியேற்றிவிடும். கெண்டைக்கால் பிடிப்பும் தலைசுற்றலும் அங்கிருந்து வந்திருக்கலாம். அளவைக் குறைப்பது, ‘சார்டன்’ ஒன்றைச் சேர்ப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது ஆகிய மூன்று வழிகள் மருத்துவரிடம் உண்டு.

தலைசுற்றல் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், ப்ரோகுளோர்பெரசின் என்று இருந்தால் கை நடுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இவை மூளையில் உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். நாள்பட்டால் நடுக்கம், உடல் விறைப்பு, சிறு சிறு அடி வைத்த நடை, உணர்ச்சியற்ற முகம் என்று பார்க்கின்சன் நோய் போலவே காட்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும். கடும் தலைசுற்றலுக்குச் சில நாள் தர வேண்டியதை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் தொடர்கிறவர்கள் ஏராளம். நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் நடுக்கம் குறையும். நரம்பு மருத்துவரிடம் இந்தப் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பார்க்கின்சன் மாத்திரை ஒன்றும் சேர்ந்துவிடக்கூடும்.

கவனம்: படுத்தால் மூச்சு வாங்குகிறது, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்குகிறது என்றால் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவமனை. இதயச் செயலிழப்புக்காக நீர் மாத்திரை தரப்பட்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மருந்தும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 70. – வாசகர், சேலம்

பதில்: இந்தச் சேர்க்கைதான் சிறுநீரகத்துக்கு ஆகாதது. அசிக்ளோஃபெனக், டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்ஸிப் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். நீர் மருந்து ரத்தத்தின் அளவையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். கோடையிலோ, பேதியானபோதோ இரண்டு மூன்று நாளிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் எகிறலாம். போதாக்குறைக்குப் பிரஷரும் ஏறும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக் கசிவும் வரும். மலம் தார் போலக் கறுத்தால் அதுதான் அடையாளம்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால். ஆறு மணி நேர இடைவெளியில் 650 மி.கி., ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். மெலிந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், குடிப்பவருக்கு இதைவிடக் குறைவு. டோலோ, கால்பால், க்ரோசின் மூன்றுமே பாராசிட்டமால்தான். சளி மாத்திரைகள் பலவற்றிலும், பெயருக்குப் பின்னால் ‘பி’ போட்ட வலி மாத்திரைகளிலும் அது ஏற்கெனவே இருக்கும், கணக்கில் சேருங்கள். முட்டியில் தடவும் டைக்ளோஃபெனக் ஜெல் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் மாத்திரையைவிட எவ்வளவோ தேவலை.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் டெல்மிசார்டன், நீர் மருந்து, சுகருக்கான மெட்ஃபார்மின், டப்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். ‘அப்படி நடந்தால் எதை நிறுத்தணும், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்?’ என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பேதி வந்தால் கேட்க ஆள் இருக்காது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, 45 கிலோ. கிரியாட்டினின் 1.1, லேப் தாளில் நார்மல். புது மருத்துவர் ‘கிட்னி பலம் குறைவு’ என்று சொல்லி, கால் எரிச்சலுக்கான பிரிகாபாலினை 75 இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாக்கிவிட்டார். – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவர் கணக்குப் போட்டிருக்கிறார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவருக்கு அது குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நார்மலாகத் தெரியும். மருந்தளவுக்குப் பயன்படுத்தும் சூத்திரம் இது: 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85ஆல் மறுபடி பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 62 × 45 = 2790, 72 × 1.1 = 79.2, வகுத்தால் சுமார் 35, 0.85ஆல் பெருக்கினால் சுமார் 30. பிரிகாபாலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இந்த எண் 60க்குக் கீழே போனால் வழக்கமான அளவில் பாதி, 30க்குக் கீழே போனால் கால்வாசி என்பது கணக்கு. பழைய அளவு உடம்பில் தேங்கினால் பகல் தூக்கம், தள்ளாட்டம், விழுதல் என்று போகும். லேப் தாளில் அச்சாகும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) சராசரி உடல்வாகுக்கான எண். 45 கிலோ உள்ளவருக்கு அது கூடுதலாகக் காட்டும். மருந்துப் பட்டியலின் தலைப்பில் எடையையும் கடைசிக் கிரியாட்டினினையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு மாமாவுக்கு விழுங்கச் சிரமம். எல்லா மாத்திரையையும் பொடித்து ரசம் சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். சரியா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொடிக்கவே கூடாத மாத்திரைகள் உண்டு. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் அது பல மணி நேரம் மெல்லக் கரைய வேண்டியது. மெட்டோப்ரலால் எக்ஸ்.எல்.லைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து மொத்தமாக இறங்கி, நாடி விழும். பான்டோப்ரசோல் மேல்பூச்சோடு வருவது. உடைத்தால் வயிற்று அமிலமே அதை அழித்துவிடும், கொடுத்தும் பலனில்லை. எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட்டைப் பொடித்தால் உணவுக்குழாய் புண்ணாகும். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அந்த மருந்தே ஆகாது.

பொடிக்கலாம் என்று மருந்தாளுநர் சொன்னவற்றையும் முழுச் சாதத்தில் கலக்காதீர்கள். பாதியில் போதும் என்றால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. ஒவ்வொன்றாக, ஒரு ஸ்பூன் குழைந்த சாதத்தில் அல்லது மசித்த வாழைப்பழத்தில் கலந்து முதல் வாயாகக் கொடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சிரப்பாகவோ நீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள், பல மருந்துக்கு உண்டு. தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வந்தால் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரையை காலை காபியோடு போடுகிறேன். கால்சியமும் கூடவே. – வாசகி, நாகர்கோவில்

பதில்: காபியும் கால்சியமும் தைராக்சினை உறிஞ்ச விடாது. எழுந்ததும் வெறும் தண்ணீரோடு போடுங்கள், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழியட்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. இதைச் சரி செய்தபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்? – வாசகர், புதுச்சேரி

பதில்: அடுத்த வேளைக்குப் பாதி நேரம்கூடக் கடக்கவில்லை என்றால் போடலாம், கடந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக ஒருபோதும் வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைக்கு இந்த விதி பொருந்தாது. அது சாப்பாட்டோடு கட்டுண்டது. சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை, ஏகாதசியானாலும் சரி. வியர்வை, படபடப்பு, உளறல் வந்து சுகர் 70க்குக் கீழே இருந்தால், விழிப்போடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ‘லால்’ மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

கேள்வி: ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்கியிருக்கிறோம். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: பெட்டி நல்லது, ஆனால் எல்லாம் அதற்குள் போகாது. டெல்மிசார்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காக அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பெட்டியில் போடாதீர்கள். கண் சரியாகத் தெரியாதவர் உறையோடு விழுங்கிவிடுவார், கூர்மையான முனை உணவுக்குழாயைக் கிழிக்கும். அந்த அட்டை தனியாக இருக்கட்டும், பெட்டியின் அந்த அறையில் ஒரு சீட்டை மட்டும் வையுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையும், வலித்தால் மட்டும் போடுவதும் பெட்டிக்கு வெளியே. பெட்டியை அடுப்படி அலமாரியிலும் ஃப்ரிட்ஜ் தலையிலும் வைக்க வேண்டாம். இரண்டும் சூடான இடம்.

மெடிக்கலில் நான்கு மாத்திரை வெட்டித் தரும்போது காலாவதித் தேதி இருக்கும் முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். தேதியுள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முழு அட்டையை போனில் படம் எடுத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு இல்லையே? இருமலுக்கு அதிமதுரம் தினமும் சாப்பிடுகிறேன். – வாசகர், மதுரை

பதில்: உண்டு. அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரஷர் ஏறும், நீர் மாத்திரையோ டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சில நாள் இருமலுக்கு என்றால் வேறு, தினமும் என்றால் வேண்டாம். ஒரு கேள்வி: பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் சாப்பிடுகிறீர்களா? அந்தக் குடும்பமே வறட்டு இருமலைத் தரும்.

கேள்வி: பாட்டி பத்து வருடமாக அல்பிரசோலம் போட்டுத்தான் தூங்குகிறார். இரண்டு முறை விழுந்துவிட்டார். இன்றோடு நிறுத்திவிடலாமா? – வாசகி, சென்னை

பதில்: குறைக்க வேண்டியதுதான், இன்றோடு அல்ல. திடீரென நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரும். மருத்துவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பார், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இரவில் கழிப்பறை வரை விளக்கு எரியட்டும். தூக்கத்துக்கென்று செட்ரிசின், ஏவில் போன்ற அலர்ஜி மாத்திரைக்கு மாறாதீர்கள், அவையும் தள்ளாட்டம் தரும்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒன்று எழுதியிருக்கிறார்கள். அத்தை இரண்டு நாள் தொடர்ந்து போட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை என்கிறார். – வாசகர், திருச்சி

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த மருந்தின் நச்சு சில நாள் கழித்துத்தான் தெரியும்: வாய்ப்புண், காய்ச்சல், தோலில் ரத்தப் புள்ளி, ரத்த அணுக்கள் சரிவு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரண்டே கூடுதல் மாத்திரையும் ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் ஃபோலினிக் அமிலம் என்ற, நச்சை முறிக்கும் மருந்து தருவார்கள். எவ்வளவு சீக்கிரம் தருகிறார்களோ அவ்வளவு பலன். ஏற்கெனவே போடும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்க முயல வேண்டாம், அது வேறு, இது வேறு. இனிமேல் சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘புதன்கிழமை மட்டும்’ என்று கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டை அத்தையிடம் இருக்க வேண்டாம், அந்தக் கிழமையில் ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.